ஞாயிறு வேண்டுமா என்று கேட்டார்கள்

இந்தோனேசியாவின் மலாங் நகரத்துப் பயிற்சி விடுதியில் அன்றைக்குப் பாடம் ‘ஆஃப்’. பாடம் நடத்திய எண்டா சிங்கப்பூரைக் கண்ணால்கூடப் பார்த்தவளில்லை. அங்கே வீட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். எங்கள் நாட்டில் எல்லாம் இப்படித்தானே நடக்கிறது.

“அடுப்பை ஆஃப் பண்ணுன்னா அணைக்கணும். பால் ஆஃப்னா கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். செருப்பை டேக் ஆஃப்னா கழட்டணும். டே ஆஃப்னா லீவு நாள். என்ன, புரிஞ்சுதா?”

“அப்ப எம் புருஷன் எந்த ஆஃப் டீச்சர்?” என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“உம் புருஷனா? பால்தாண்டி, சந்தேகமே வேண்டாம்!” என்று இன்னொருத்தி சொல்ல, அறையே குலுங்கியது.

வினார்த்தியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ‘டே ஆஃப், டே ஆஃப்’ என்று முணுமுணுத்தாள். மற்ற மூன்று அர்த்தமும் அவளுக்கு ஒரு பொருட்டில்லை. அவள் மகள் யூலிஸ் இரண்டு வருஷமாகச் சிங்கப்பூரில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு. போனில் கறாராகச் சொல்லியிருந்தாள்: “வர்றதுன்னா ஞாயிறு லீவு கேட்டு வாங்கிட்டு வாம்மா. இல்லேன்னா நீ நம்ம ஊர் பிளித்தார்ல இருந்தா என்ன, இங்க இருந்தா என்ன?”

அந்த ஒரு நாளுக்காகத்தான் நாற்பதைத் தாண்டிய வினார்த்தி, விடுதிக்காரர்கள் சொன்னபடி இடுப்பு வரை இருந்த கூந்தலைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு, மகள் வயதுப் பெண்களோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்த வருஷங்களில் வேலைக்காரியின் லீவு சட்டத்தில் இல்லை, எசமானியின் வாயில் இருந்தது. முன்கூட்டியே பேசி முடித்தால் உண்டு.

மறுவாரம் அவளுக்கு முறை வந்தது. கம்ப்யூட்டர் திரையில் சிங்கப்பூர் மேடம் தெரிந்தார். எல்லாரும் ‘இபூ’, அதாவது அம்மா, என்று கூப்பிடும் விடுதி முதலாளி ஹர்த்தினி கைகட்டிப் பின்னால் நின்றாள். சமைப்பாயா, வயசானவரைக் குளிப்பாட்டுவாயா, நாய்க்குப் பயப்படுவாயா என்று மேடம் கேட்டதற்கெல்லாம் வினார்த்தி தட்டாமல் பதில் சொன்னாள். கடைசியில் அந்தக் கேள்வி வந்தது.

“ஞாயித்துக்கிழமை டே ஆஃப் வேணுமா?”

ஒவ்வொரு எழுத்தும் புரிந்தது.

எங்கள் பக்கத்தில், ஒரு வீட்டுக்குப் போய், தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்டால் வேண்டாம் என்பதுதான் முதல் பதில். மறுபடி கேட்டால், உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்று இழுக்கலாம். அதற்கும் மேல் கேட்டால்தான் கோப்பையில் கை வைக்கலாம். முதல் கேள்விக்கே தலையாட்டுகிறவள் பறக்காவெட்டி. என்ன வளர்த்தாளோ என்று அவளைப் பெற்றவளைத்தான் பேசுவார்கள். வினார்த்தியை நன்றாகவே வளர்த்திருந்தார்கள்.

தலையைத் தாழ்த்திப் புன்னகைத்தாள். “வேண்டாம் மேடம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

மேடத்தின் முகம் மலர்ந்தது. “நல்ல பொண்ணு. இவளையே அனுப்புங்க” என்றார். திரை அணைந்தது.

வினார்த்தி பதறிப்போய் இபூவின் கையைப் பிடித்தாள். “இபூ, எனக்கு ஞாயிறு வேணும். மரியாதைக்குத்தான் அப்படிச் சொன்னேன். அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

“உன் வாயாலதானே சொன்னே? இப்ப நான் போய் மாத்திப் பேசினா, அந்தம்மா வேற ஆளைப் பாத்துக்கும். உன் வயசுக்கு ஒரு வீடு கிடைச்சதே பெருசு. வாயை மூடிக்கிட்டுக் கிளம்பு.”

எண்டா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். “அக்கா, உச்சரிப்பு என்ன சுத்தம்!” அவளைக் கோபித்து என்ன பயன்? நாலு அர்த்தத்தையும் சரியாகத்தான் சொல்லிக்கொடுத்திருந்தாள். அங்கே ஒரு தடவைக்கு மேல் கேட்கமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியாது. இபூவுக்குத் தெரியும். எத்தனையோ பெண்கள் இப்படி வேண்டாம் என்று தலைகுனிந்ததை அவள் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். ஒருநாளும் வாய் திறந்ததில்லை, லீவு கேட்காத பெண் சீக்கிரம் விலைபோவாள். அவளை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அன்று சாயங்காலம் வினார்த்தி மகளைப் போனில் கூப்பிட்டாள்.

“வீடு கிடைச்சிருச்சுடி. உனக்குப் பக்கத்துலதானாம், பஸ்ஸுல வந்துடலாமாம்.”

“ஞாயிறு?”

“இல்லடி.”

“நீ கேக்கலையா?”

“அவங்களேதான் கேட்டாங்க. வேண்டாம்னேன். மறுபடி கேப்பாங்கன்னு பாத்தேன்.”

“ஐயோ, அம்மா!” என்று கத்தினாள் யூலிஸ். பிறகு, “சரி விடு. ஞாயித்துக்கிழமை நான் உன் வீட்டுக்குக் கீழ வந்து நிக்கறேன். மார்க்கெட்டுக்கு நீ இறங்கித்தானே ஆகணும்? கூடவே நடந்து வரேன். வரட்டுமா?” என்றாள்.

வினார்த்திக்கு உயிர் திரும்பி வந்தது. மார்க்கெட் வரைக்கும் போதும். போக ஒரு தடவை, வர ஒரு தடவை, பெற்ற பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம். வா, வந்துடு என்றுதான் மனசு துடித்தது. வாய் முந்திக்கொண்டது.

“வேண்டாம்மா. உனக்குக் கிடைக்கிறதே ஒரு நாள். எதுக்கு அலையணும்?”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

“சரிம்மா” என்றாள், இரண்டு வருஷமாக அங்கேயே இருக்கும் யூலிஸ். “உன் இஷ்டம்.”