டிராமுக்கு முத்திரை உண்டு

படத்தில் இருந்தது டிராம் வண்டி. எங்கள் கிர்கிஸ் மலையூரான நாரினிலிருந்து எந்தப் பக்கம் குதிரையை விட்டாலும் ஒரு வாரத்துக்கு டிராம் கண்ணில் படாது. ஆனால் எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்று முடிவுசெய்யும் எங்கள் பரிசோதனைக் குழுவின் தலைவி கனிஷாய் சுல்தானொவ்னா இருபது வருடமாக அந்த அட்டையைத்தான் காட்டுகிறார். அவருக்கு முன்பிருந்த தலைவியும் அதைத்தான் காட்டினார்.

"இது என்ன?" என்று ரஷ்ய மொழியில் கேட்டார்.

ஆறு வயது பெகாயிம் தரையைப் பார்த்தபடி நின்றாள். பெரியவர்களின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது என்று சொல்லி வளர்த்த பிள்ளை. அந்த மரியாதை, 'கண் பார்த்துப் பழகுவதில்லை' என்று படிவத்தில் ஏறியது.

"பேச்சு இல்ல, புரிதல் இல்ல. எழுது ஜாஸ்குல்."

நான் குழுவின் பேச்சுப் பயிற்சியாளர். பயிற்சி போய், சொன்னதை எழுதுவதே என் வேலையாகியிருந்தது.

"கிர்கிஸ்ல ஒரு தடவ கேட்டுப் பாக்கலாமே?"

"படிவம் ரஷ்யன்ல இருக்கு. நீ என்ன, அமைச்சகத்தையே திருத்தப் போறியா?"

பேரனைத் திட்டுவதும் கொஞ்சுவதும் அவருக்குக் கிர்கிஸில்தான். ஊரான் பிள்ளையின் அறிவை அளக்க மட்டும் ரஷ்யன் வேண்டும்.

மனநல மருத்துவர் பூர்சோக் என்ற பொரித்த மாவுத் துண்டைத் தேநீரில் நனைத்தபடி, "இன்னும் பதினாலு பிள்ளைங்க இருக்கு" என்றார். அன்று முழுக்க அவர் சொன்ன மருத்துவக் கருத்து அது ஒன்றுதான்.

வருடத்துக்கு ஒரு நாள் கூடும் குழு இது. 'மனவளர்ச்சிக் குறைவு' என்று முடிவெழுதினால் பெகாயிம் மலைக்கு அப்பாலுள்ள விடுதிப் பள்ளிக்குப் போவாள். அங்கே போன ஒரு பிள்ளையும் சாதாரணப் பள்ளிக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. அப்படி ஒன்பது தாள்களில் என் கையெழுத்தும் இருக்கிறது.

பேனாவை மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். வழியில் விளையாட ஆட்டுக் கணுக்கால் எலும்புகளைக் கொண்டுவந்திருந்தார் அவள் அப்பா தோக்தோசுன். அவற்றை வாங்கி, காலிக் கிண்ணம் ஒன்றையும் எடுத்து வைத்து, "பெகாயிம், ரெண்ட கிண்ணத்துக்கு அடியில வை. பெருச அப்பாகிட்ட குடு. அப்புறம் கதவ மூடு" என்று கிர்கிஸில் சொன்னேன்.

மூன்றையும் சொன்ன வரிசையில் செய்தாள். வேண்டுமென்றே நாலு எலும்பை வைத்து, "மூணு இருக்கு, இல்ல?" என்றேன். ஒன்றை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு சிரித்தாள். "வழியில என்ன பாத்த?" என்றதும்தான் திணறினாள். "ஆடு... அப்பா... போ..."

"வீட்லயும் இப்படித்தான் எஜே," என்று என்னை அக்கா முறை வைத்துச் சொன்னார் தோக்தோசுன். "வார்த்த இருக்கு, கோத்து வரல."

"எல்லாம் புரியுது. நான் ஏமாத்தினா பிடிக்குது," என்றேன் தலைவியிடம். "சொல்றதுலதான் கோளாறு. வாரம் ரெண்டு நாள், அவ பாஷையில பயிற்சி குடுக்கணும். விடுதி எதுக்கு?"

"ஆட்டெலும்பு அங்கீகரிச்ச கருவி இல்ல."

"டிராம்?"

அட்டையைத் திருப்பிக் காட்டினார். "முத்திரையே இருக்கு."

"அப்பா சம்மதிக்காம அனுப்ப முடியாது."

அவர் புன்னகையோடு கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார். முடிவு எழுதவேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது. கீழே தோக்தோசுனின் கையெழுத்து.

"நேரம் மிச்சம்னு காலையிலயே எல்லார்கிட்டயும் வாங்கிடுவோம்."

"பேர் பதியற ஜன்னல்ல இருந்த பொண்ணு, வந்ததுக்கு அடையாளம்னுல்ல சொன்னா?" என்றார் தோக்தோசுன்.

"அதுக்கும்தான்."

தோக்தோசுன் மேசைக்கு வந்து என் பேனாவை எடுத்தார்.

"அது அரசாங்கத் தாள்!" என்றார் தலைவி.

"பேரு என்னுது." தாள் கிழியும்வரை தன் கையெழுத்தை அடித்துவிட்டுத் தலைவியைப் பார்த்தார். "இப்ப எழுதுங்க, எஜே. டிராம் பத்தி எழுதுங்க."

மருத்துவர் முதல் முறையாகத் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். தலைவிக்குக் கழுத்துவரை சிவந்துவிட்டது.

"ஜாஸ்குல், உனக்கு இந்த வேல வேணுமா, வேணாமா?"

"வேணும்," என்றேன். பதினோரு வருடத்தில் இப்போதுதான் அதை மனதாரச் சொன்னேன். தோக்தோசுனிடம் திரும்பி, "செவ்வாய், வெள்ளி, காலைல ஒம்பது மணி. எலும்பையும் கொண்டாங்க" என்றேன்.

பிறகு கதவைத் திறந்தேன். நடைவழி நெடுகப் பெற்றவர்கள் பிள்ளைகளை மடியில் வைத்து வரிசையாகக் காத்திருந்தார்கள்.

"காலைல கையெழுத்துப் போட்ட தாள மொதல்ல திருப்பி வாங்குங்க!" என்று கிர்கிஸில் கத்தினேன். "எல்லாரும்!"