மாஸ்டர் தீட்டிய சவரக்கத்தி

கத்தி விஷயத்தில் மாஸ்டரிடம் யாரும் வாய் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அன்றைய பொழுது போச்சு. பெரிய ஹோட்டல் ஒன்றின் தலைமைச் சமையல்காரர் அவர். தான் வெங்காயம் நறுக்கினால் துண்டுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் முகம் தெரியும் என்று அவரே சொல்லிக்கொள்வார். மற்றவர்கள் ஆமாம் போடுவார்கள், போடும்வரை விடமாட்டார். சமையலறையில் யாருடைய கத்தி மழுங்கினாலும் அது இவர் கைக்குத்தான் வரும். கல்லில் தண்ணீர் தெளித்து, கத்தியின் முதுகைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, சர்ரு சர்ரென்று இழுத்துக் கொடுப்பார். அந்தக் கைக்கு அந்த ஒரு சாய்வுதான் தெரியும், அது தூக்கத்திலும் பிசகாது. கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் வாயில்தான்.

அந்த வாய்தான் அண்ணன் வீட்டில் போய் மாட்டிக்கொண்டது.

அண்ணன் கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்தார். ஸ்கேல் வைக்காமல் பலகையில் ஒரு கோடு இழுப்பார். ஸ்கேலை எடுத்து வைத்துப் பார்த்தால் மயிரிழை விலகியிருக்காது. அலுவலகத்தில் எந்த விசேஷம் நடந்தாலும் யாராவது ஒருவர் “சார், ஒரு கோடு” என்பார்கள். இவர் இழுப்பார், இன்னொருவர் அளப்பார், எல்லோரும் கை தட்டுவார்கள். ‘ஸ்கேல் சார்’ என்ற பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது போன் செய்தால், அலுவலகத்தில் அப்படி யாரும் இல்லை என்று வைத்துவிடுவார்கள்.

அந்தக் கை இப்போது நடுங்கியது. போன வருஷம் கட்டைவிரலில் ஆரம்பித்தது, மெல்ல மணிக்கட்டு வரைக்கும் ஏறிவிட்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணியையும் மாஸ்டரையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அலுவலகத்தில் கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டும், மௌஸின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டும் அண்ணன் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமையோடு ஓய்வு. அன்றைக்கு வழியனுப்பு விழா, சாப்பாடு, போட்டோ. கோடு கேட்பார்கள் என்பதால் கையில் கட்டுப் போட்டுக்கொண்டு போய், சுளுக்கு என்று சொல்லிவிடுவதாகத் திட்டம்.

“அந்த ஒரு நாள் தாண்டிடணும்டா,” என்றார் தம்பியிடம். “ஸ்கேலாவே வெளிய வந்துடணும். அதுக்கப்புறம் இந்தக் கை ஆடட்டும், பாடட்டும், எனக்குக் கவலையில்ல.”

தாடிதான் பாக்கி. அண்ணனுக்கு வாலிபத்திலிருந்தே மடக்கும் சவரக்கத்திதான். கடையில் விற்கும் ரேஸர் பட்டால் கழுத்தெல்லாம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடும். கை நடுங்க ஆரம்பித்தபின் ஒருநாள் அந்தக் கத்தி வாஷ்பேசினில் விழுந்து கூர் ஓரத்தில் பல் போலச் சிறு உடைப்பு விழுந்தது. அதோடு உறைக்குள் போனதுதான். தாடி வளர்ப்பதாக அலுவலகத்தில் சொல்லியிருந்தார். ஆனால் போட்டோவுக்கு மழித்த முகத்தோடு, அவர்களுக்குத் தெரிந்த ஆளாகவே உட்கார வேண்டும் என்று ஆசை. சலூனுக்குப் போகவும் பயம். அலுவலகத்தில் பாதிப் பேர் தலை கொடுப்பது அதே சலூனில்தான். சலூன்காரர் கண்ணில் படாதது எதுவும் இல்லை, வாயில் நிற்பதும் எதுவும் இல்லை.

“வேற ஏரியாவுலேர்ந்து யாரையாவது வீட்டுக்கு வரச் சொல்லட்டுமா?” என்று அண்ணிதான் கேட்டாள். நல்ல யோசனை. அங்கேயே விஷயம் முடிந்திருக்கும்.

“எதுக்கு அண்ணி? நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்றார் மாஸ்டர். “கத்தியக் குடுங்க. தீட்டறது என் பொறுப்பு, ஷேவ் பண்றதும் என் பொறுப்பு.”

அண்ணன் கத்தியையும் கல்லையும் எடுத்துக் கொடுத்தார். “டேய், இது சமையல் கத்தி மாதிரி இல்ல. இதோட முதுகு...”

“கத்தியப் பத்தி எனக்கே பாடமா?” என்று மாஸ்டர் சிரித்தார். அண்ணனும் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். தம்பி பேச ஆரம்பித்தால் விட்டுவிடுவது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

வீட்டுக்கு வந்து மாஸ்டர் வழக்கம்போலத் தீட்டினார். முதுகைத் தூக்கிப் பிடித்து, சர்ரு சர்ரென்று. பல் போனது, ஓரம் பளபளத்தது. காகிதத்தை வெட்டிப் பார்த்தார், சத்தமில்லாமல் இரண்டாகியது. தக்காளியில் சும்மா வைத்தார், கத்தி தன் கனத்திலேயே இறங்கியது. முன்கையில் இரண்டு மயிர் போயிற்று. வேறென்ன வேண்டும்? பலூன் ஒன்றை ஊதி, நுரை பூசி வழித்துப் பழகினார். பலூன் வெடிக்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். “பலூனுக்குத் தாடி ஏது?” என்று கேட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

வியாழக்கிழமை காலை தன் கன்னத்திலேயே வைத்துப் பார்த்தார். கத்தி வழுக்கவில்லை, பிடித்து இழுத்தது. மயிரோடு தோலும் சேர்ந்து வந்த மாதிரி எரிந்தது. தாடை ஓரம் பொட்டுப் பொட்டாக ரத்தம் துளிர்த்தது.

ஏதோ தப்பு என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இதை மட்டும் அவர் பிறகு யாரிடமும் மறுக்க முடியாது. அண்ணனுக்கு ஒரு போன் போட்டு, ‘அன்னிக்கு என்னமோ சொல்ல வந்தியே, என்னது?’ என்று கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. ஊருக்கே கத்தி தீட்டிக் கொடுக்கிறவன், ஒரு சவரக்கத்தி தீட்டத் தெரியவில்லை என்று சொல்வதா? ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். நுரை போதவில்லை, தன் தோல் மென்மை, முதல் தடவை அப்படித்தான் என்று வரிசையாகக் காரணம் கண்டுபிடித்தார். கத்தியை மறுபடி கல்லுக்குக் கொண்டுபோய், அதே சாய்வில், இன்னும் நன்றாகத் தீட்டினார்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணன் ஜன்னலோர நாற்காலியில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி வெந்நீரில் நனைத்த துணியால் முகத்தை ஒற்றிக் கொடுத்தாள். மாஸ்டர் நுரையைக் குழைத்துப் பூசினார்.

“கத்தி சரியா இருக்காடா?”

“வெண்ணெய் மாதிரி,” என்றார் மாஸ்டர்.

இடது கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்து, காதுக்குக் கீழே முதல் இழுப்பு இழுத்தார். கறுக்கென்று ஒரு சத்தம் வந்தது. சவரக்கத்திக்கு அந்தச் சத்தம் வரக் கூடாது. அண்ணனின் இமைகள் மூடிக்கொண்டன. இரண்டாவது இழுப்பில் கத்தி துள்ளி, தாடையெலும்பின் மேல் ஒரு கோடு போட்டது. வெள்ளை நுரையில் சிவப்பு ஊறி வந்தது. மாஸ்டரின் முதுகில் வியர்வை இறங்கியது. கத்தியை நிமிர்த்திப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். எப்படி வைத்தாலும் அது சுரண்டியது. ஒரு கன்னம் முடிவதற்குள் அண்ணி படிகாரத்தைத் தேடி ஓடிவிட்டாள்.

அண்ணன் துண்டுக்குள் இரண்டு கைகளையும் கோத்துப் பிடித்திருந்தார். நடுக்கத்தில் துண்டு ஆடிக்கொண்டிருந்தது.

“முதுகைத் தூக்கியாடா தீட்டினே?” என்று கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

மாஸ்டர் கத்தியைத் தாழ்த்தினார். “ஆமா.”

“இதைப் படுக்க வெச்சுத்தான் தீட்டணும். முதுகும் கூரும் ஒண்ணா கல்லுல படணும். அதுக்காகத்தான் முதுகை அவ்வளவு தடிமனா வெச்சிருக்கான். தூக்கினா கூர் தடிச்சுடும். காய் வெட்டும், தாடி எடுக்காது.” குரலில் கோபமே இல்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் மாஸ்டருக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். “சரி விடு. பாதி முகத்தோட போக முடியாது. மிச்சத்தையும் முடி.”

முடித்தார். எப்படி முடித்தார் என்று அவருக்கே தெரியாது. துடைத்துப் பார்த்தபோது கழுத்தெல்லாம் செந்தடிப்பு. தாடையில் நீளமாக ஒன்றும், மோவாயில் இரண்டும், மேலுதட்டில் ஒன்றுமாகக் கீறல். மாஸ்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

“அண்ணா...”

“சட்டையை எடு, நேரமாச்சு,” என்றார் அண்ணன். அண்ணி அவர் வலது கையில் துணிக்கட்டைச் சுற்றினாள். நடுங்காமல் இருக்க நன்றாக இறுக்கினாள். மாஸ்டர் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

விழாச் சாப்பாடு மாஸ்டருடைய பொறுப்பு. அது பிரமாதமாக அமைந்தது. நீள மேசையில் தட்டுகளோடு நின்றவர்கள் “மாஸ்டர், என்ன கை சார் உங்களுக்கு!” என்று வரிசையாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். வேறொரு நாளாக இருந்தால் அவர் அங்கேயே ஒரு பிரசங்கம் வைத்திருப்பார். இன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு, கரண்டியோடு பாத்திரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார்.

எல்லோரும் பேசி முடித்தபின், எதிர்பார்த்தபடியே ஒரு பெண் பலகையைத் துடைத்து மார்க்கரை நீட்டினாள். “ஸ்கேல் சார், கடைசியா ஒரு கோடு!”

அண்ணன் கையிலிருந்த கட்டைக் காட்டினார். “சுளுக்கும்மா.” அடடா என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பாதிக் கிணறு அல்ல, முழுக் கிணற்றையும் தாண்டியாயிற்று என்று மாஸ்டர் மூச்சுவிட்டார்.

அப்போதுதான் அலுவலக இன்ஜினியர் ஒருவர் எழுந்தார். நல்ல மனிதர், கிண்டல் ஜாஸ்தி. “சார், அது சுளுக்கு, ஒத்துக்கறேன். முகத்துல என்ன சார், பூனையோட சண்டையா?”

சிரிப்பு கிளம்பியது.

“கைல கட்டு இருக்கு, அப்ப நீங்க ஷேவ் பண்ணல. யாரு சார் பண்ணது? ஷேவ் பண்ணானா, தோல் உரிச்சானா? அந்த மகானை ஒரு தடவை பாக்கணும் சார்!”

“பேரைச் சொல்லுங்க சார், போட்டோவுல அவனையும் நிக்க வெப்போம்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூடம் முழுக்கச் சிரித்தது.

‘நான்தான்.’ ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் இன்னும் ஒரு வாய் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். சுளுக்கு சுளுக்காகவே இருந்திருக்கும். மாஸ்டருக்கு அது தெரியும். வார்த்தை தொண்டை வரை வந்தது. ‘என்ன கை சார் உங்களுக்கு’ என்று சொன்ன முகங்களைப் பார்த்தார். காது சிவக்க, கரண்டியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

அவர் குனிந்ததை அண்ணன் பார்த்துவிட்டார்.

“வேற யாருமில்லப்பா, நான்தான்,” என்றார் அண்ணன். இடது கையால் கட்டின் முனையைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். “சுளுக்குன்னு சொன்னது பொய். கை நடுங்குது. ஒரு வருஷமா நடுங்குது. இதோட ஷேவ் பண்ணப் போயி இப்படி ஆயிடுச்சு.”

வலது கையைத் தூக்கிக் காட்டினார். இறுக்கம் விட்ட கை, அத்தனை நாள் அடக்கி வைத்ததற்கெல்லாம் சேர்த்து ஆடியது. சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. இன்ஜினியர் உட்கார்ந்துவிட்டார். மார்க்கரை நீட்டிய பெண் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அண்ணி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போதாவது சொல்லலாம் என்று மாஸ்டர் நினைத்தார். இப்போது சொன்னால் அண்ணனை இரண்டாவது தடவையும் பொய்யராக்கிய மாதிரி ஆகும் என்று உடனே ஒரு காரணமும் கிடைத்தது. காரணத்துக்கு அவரிடம் என்றைக்கும் பஞ்சமில்லை. ஆனால் இந்த முறை அவரே அதை நம்பவில்லை.

போட்டோ எடுத்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து அண்ணனின் கையைப் பிடித்தார்கள். எப்போதும்போலக் குலுக்கவில்லை, உடைந்துவிடும் பொருளைத் தொடுவதுபோல இரண்டு கைகளாலும் மெல்லப் பிடித்துவிட்டு விட்டார்கள். யாரும் ஸ்கேல் சார் என்று கூப்பிடவில்லை. வெறும் ‘சார்’ என்றார்கள்.

கடைசியாக வந்த மேனேஜர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மாஸ்டர் பக்கம் திரும்பினாள்.

“நல்லவேளை, உங்களை மாதிரி ஒரு தம்பி கூட இருக்கீங்க. இனிமே அவரைக் கத்தியத் தொட விடாதீங்க மாஸ்டர். பழகின கை உங்களோடது. நீங்களே ஷேவ் பண்ணி விடுங்க, என்ன?”

அண்ணன் பக்கத்திலேயே நின்றார். கேட்காத மாதிரி, சட்டைப் பித்தானைப் போட முயன்றுகொண்டிருந்தார்.

“சரிங்க மேடம்,” என்றார் மாஸ்டர்.