பொட்டலத்தில் திருநீறு

2006 ஆகஸ்ட், செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபது. மரக்காணம் உப்பளச் சாலையில், பெண்களுக்கு மார்பில் புற்று இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்கும் வண்டி நின்றது. கதவில் கொசுவலை. சுற்றிலும் தொட்டியிலும் டயரிலும் தேங்கிக் கிடந்த தண்ணீரை, படம் எடுக்கிற சந்தியா வந்ததும் கொட்டவைத்தாள். வீட்டுக்கு ஒருவர் சிக்குன்குனியாவில் முடங்கியிருந்தார். காய்ச்சல் அடிக்கிறவர்களை அவள் இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்பினாள்.

அமராவதிக்குக் காய்ச்சல் விட்டு மூன்று வாரம். உப்பு வாருகிறவள். அவள் அக்கா மார்பில் புற்று வந்து செத்தவள். தனக்கும் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

வரிசையில் நின்ற பாப்பாத்தி அமராவதியைக் காட்டிச் சத்தமாகவே சொன்னாள். "கோழியத் தின்னு சிக்கன்குனியாவ வாங்கிக்கினா. அவ மார வெச்ச பலகையில நாங்க வெக்கணுமா?"

இது தொட்டால் ஒட்டாது, கொசு கடித்தால்தான் வரும் என்றாள் சந்தியா. சொல்லிவிட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி ஸ்பிரிட் போட்டுப் பலகையைத் துடைத்தாள்.

காய்ச்சல் விட்டும் மூட்டுவலி விடாததால் அமராவதிக்குத் தோள் தூக்க வரவில்லை. சந்தியா கைப்பிடியை இறக்கிக் கொடுத்தாள்.

படத்தில் அக்குளை ஒட்டி வெள்ளைப் புள்ளிகள், பொடி உப்பைத் தூவினாற்போல. டாக்டர் பார்த்தால் பாண்டிக்கு அனுப்புவார். ஊசி குத்திச் சதை எடுப்பார்கள். சந்தியா அந்தப் படத்தை நம்பவில்லை; தோலில் பூசியதும் இப்படிப் புள்ளியாக விழும். பவுடர் போட்டாளா என்று கேட்டாள். இல்லை. மாரியம்மன் கோயில் திருநீறு. காய்ச்சல் கண்ட நாளிலிருந்து இரண்டு வேளையும், மூட்டுக்கு மூட்டு, தோளிலிருந்து அக்குள் வரை.

துடைக்க அமராவதி ஒப்பவில்லை. ஆத்தா கோபித்துக்கொண்டால் காய்ச்சல் திரும்பிவிடும்.

சந்தியா வெள்ளைத்தாளை விரித்தாள். ஈரப் பஞ்சை நீட்டினாள்.

"துடைக்க வேணாங்க்கா. நீயே ஒத்தி எடு. பொட்டலமா கட்டித் தர்றேன், முந்தானையில முடிஞ்சுக்க."

அமராவதி பஞ்சையே பார்த்தாள். பிறகு வாங்கி அக்குளில் ஒத்தி எடுத்தாள்.

இரண்டாவது படத்தில் புள்ளி இல்லை. டாக்டர் தட்சணாமூர்த்தி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மார்பில் ஒன்றுமில்லை என்றார். அக்குளில் இரண்டு நெறி, காய்ச்சலில் கட்டியதாகத்தான் இருக்கும். எதற்கும் இரண்டு மாதம் கழித்து இன்னொரு படம்.

வெளியே பாப்பாத்தி தன் திருநீற்றுக்கும் ஒரு தாள் கேட்டுக் கை நீட்டினாள். சந்தியா மறுபடி பலகையைத் துடைத்தாள்.

அமராவதி முந்தானையை முடிந்துகொண்டு படியில் நின்றாள்.

"ரெண்டு மாசத்துல மழை வந்துடும், இந்த ரோடு சேறா கெடக்கும். அப்பவும் வண்டி வருமா?"