நாக்கிட்டோவின் தராசு

ஆறு நாட்களில் அம்மா நாற்பத்திரண்டு மணி நேரம் படம் பார்த்திருந்தாள். ஒன்றுகூட அவளுக்குப் பிடிக்கவில்லை.

முக்கோனோ சந்தையில் பழைய துணி விற்பவள் அவள். வாடகைக்கு ஆளேற்றும் போடா மோட்டார் சைக்கிளின் பின்னாலிருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தாள். முக்காலியின் மேல் கால், எதிரே டிவி. தெருமுனைப் படக்கடையில் பென் டிரைவைக் கொடுத்தால் படங்களை ஏற்றித் தருவார்கள். வாங்கி வருவது என் வேலை. எல்லாம் வெளிநாட்டுப் படங்கள். அவற்றின் மேல் எங்கள் லுகாண்டா மொழியில் ஒருவர் பேசியிருப்பார். விஜே என்போம். கதாநாயகன், கதாநாயகி, குழந்தை, நாய் எல்லோருக்கும் அவர் ஒருவரே குரல்.

"மூணு குண்டு பாஞ்சிருக்கு. இன்னும் ஓடுறான் பாரு," என்பாள் அம்மா. "நான் ஒரு பள்ளத்துல விழுந்தேன், எந்திரிக்க முடியல. இவன் என்ன கட்டையில செஞ்சவனா?"

நைஜீரியப் படம் போட்டால், "பேய் வந்து கதவத் தட்டுது. பேய்க்கு எதுக்குடி கதவு?" பனிமலையில் எடுத்த படமென்றால், "இவ்வளவு குளிர்ல இவளுக்கு மட்டும் சட்டை கெடைக்கலியா? என் கடைக்கு வரச் சொல்லு." அணைத்து விடட்டுமா என்று கேட்டால் கோபம் வரும். "முடிவு தெரிய வேண்டாமா?"

அவள் அதிகம் திட்டியது ஒரு துருக்கி சீரியலைத்தான். வாரத்துக்கு மூன்று பகுதிகள் கடைக்கு வரும். வந்த அன்றே வேண்டும் அவளுக்கு.

"அந்த வீட்டுல யாராவது ஒரு நாள் முழுசா சாப்பிட்டுப் பாத்திருக்கியா? உக்காருவாங்க, சண்டை வரும், எந்திரிச்சுப் போயிடுவாங்க. அவ்வளவு சோத்தையும் யார் திங்கிறா? அதக் காட்டச் சொல்லு."

எனக்கும் அந்த சீரியலோடு சண்டை உண்டு. நான் உயிர்வேதியியல் படித்தவள். அரசு மருத்துவமனையின் ஆய்வகத்தில் சம்பளமில்லாமல் வேலை பழகிக்கொண்டிருந்தேன். சீரியலில் யார் தகப்பன் என்று கண்டுபிடிக்க ரத்தம் எடுத்தார்கள், கையுறை இல்லாமல். அடுத்த காட்சியிலேயே முடிவு வந்துவிட்டது. அதுவும் தப்பு. இதையெல்லாம் நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் கருத்து சொல்வது அம்மாவின் வேலை. உருளைக்கிழங்கு உரித்தபடி கேட்டுக்கொண்டிருப்பது என் வேலை.

சீரியலைவிட அவளுக்கு ஆத்திரம் அதற்குப் பேசும் விஜேயின் மேல்தான்.

"அந்தப் பொண்ணு வாயே தெறக்கல. இவன் அதுக்குள்ள நாலு வார்த்தை பேசிட்டான். பாத்தியா, பாத்தியா, இப்பவும்! அவ தண்ணி குடிக்கிறாடி! வாய வித்துப் பொழைக்கிறவன். இவன பெத்தவளுக்குக் காது இருக்கோ இல்லியோ."

விஜே கிபுயாகா என்பது அவர் தொழில் பெயர். கிபுயாகா என்றால் புயல். உண்மையான பெயர் கலூலே. எட்டு மாதங்களுக்கு முன் மலேரியாப் பரிசோதனைக்கு வந்தார். நான் விரலில் ஊசி குத்தும்போது, "மேடம், ஒரு படத்துல டாக்டர் வந்து, கட்டிய வெட்டிப் பாக்கணும், ஆனா முழுசா வெட்ட வேண்டாம்னு சொல்றாரு. அது என்ன வைத்தியம்?" என்று கேட்டார். நான் சொன்னேன். மறுவாரம் இதயத்தைப் பற்றி ஒரு சந்தேகத்தோடு வந்தார். அதற்கடுத்த வாரம் சந்தேகம் எதுவும் இல்லாமலே வந்தார். நாங்கள் திருமணம் செய்துகொள்வதாக முடிவு செய்து இரண்டு மாதமாகியிருந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லப் போகும் ஒவ்வொரு முறையும் அவர் டிவியில் நாய்க்குப் பேசிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் தினமும் அவருக்கு போன் செய்வேன். எடுத்தவுடன் அவர் கேட்பது, "அம்மா இன்னிக்கு என்ன சொன்னாங்க?"

"உங்களுக்கு ரோஷமே இல்லியா?"

"ஊரெல்லாம் கைதட்டுறான் ப்ராஸி. உங்கம்மா ஒருத்தர்தான் படத்தப் பாக்குறாங்க. சொல்லு. அவங்க சொன்னபடியே சொல்லு, நீ திருத்தாத."

சொன்னேன். சோற்று மேசையைப் பற்றிச் சொன்னேன். அடுத்த பகுதியில் அந்தப் பணக்காரக் குடும்பம் சாப்பாட்டை விட்டு எழுந்ததும் கிபுயாகாவின் குரல் கேட்டது: "போறீங்களா? போங்க, போங்க. அப்போ இந்தச் சோத்த யார் திங்கிறது?" அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். கட்டுப்போட்ட கால் முக்காலியில் ஆடியது. "மடையனுக்கும் ஒரு நாள் புத்தி வருது பாரேன்." எனக்கு உருளைக்கிழங்கோடு விரலும் உரிந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவள் சிரித்த சிரிப்பு எனக்கும் வேண்டியிருந்தது. இன்னும் நாலு முறை அப்படிச் சிரித்தால், அவரைப் பற்றிப் பேச எனக்கு ஒரு வழி கிடைத்துவிடும் என்று நினைத்தேன்.

அடுத்த பகுதியில் சீரியலின் மாமியார் மருமகனைக் கட்டிப்பிடித்து, பக்கத்தில் உட்கார வைத்து, தன் கையால் ஊட்டினாள்.

"ஐயோ ஜனங்களே!" அம்மா கண்ணைப் பொத்திக்கொண்டாள். "மருமகன! தொடுறா! ஊட்டுறா! இவளுக்கு வெக்கமே கெடையாதா?"

எங்களில் மாமியாரும் மருமகனும் ஓரறையில் உட்காரமாட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். வழியில் எதிர்ப்பட்டால் அவள் துணியை இழுத்து முகத்தை மூடிக்கொள்வாள், அல்லது திரும்பி வாழைத்தோப்புக்குள் போய்விடுவாள். அது கோபமல்ல, மரியாதை. என் அக்காவின் கணவர் வரும்போதெல்லாம் அம்மா பின்கட்டில் உட்கார்ந்து, சுவர் வழியாகத்தான் நலம் விசாரிப்பாள்.

அன்று கதாநாயகியின் நடையையும் அவள் விடவில்லை. உயரமான செருப்பில் அந்தப் பெண் படியிறங்கி வந்தாள். "இது என்ன நடை? நாக்கிட்டோவோட தராசு மாதிரி ஒரு பக்கமாவே சாயுது." நாக்கிட்டோ அம்மாவுக்குப் பக்கத்துக் கடையில் தக்காளி விற்பவள். அவள் தராசு எப்போதும் அவள் பக்கமாகவே சாயும். சந்தையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் அவள் முகத்துக்கு நேரே சொல்வதில்லை.

இதையும் போனில் சொன்னேன். நாக்கிட்டோ யார் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அந்த வார நடுவில் அத்தை போன் செய்தாள். அப்பாவின் தங்கை. அப்பா இறந்த பிறகு என் திருமணப் பேச்சு அவள் பொறுப்பு. லுகாசியில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவரைப் பார்த்திருந்தாள். அமைதியானவர், கார் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பதில் வேண்டும். சரியென்றால் அவர்கள் முறையாகக் கடிதம் அனுப்புவார்கள். அதன்பின் வேண்டாமென்பது இரண்டு குடும்பங்களுக்கும் அவமானம்.

"சரின்னு சொல்லிடவா?" என்றாள் அம்மா. டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம சொல்றேம்மா."

"நீ எதையும் ஞாயித்துக்கெழமதான் சொல்லுவ. எந்த ஞாயித்துக்கெழமன்னுதான் தெரியாது."

ஞாயிறு மதியம் அத்தை வந்தாள். பூப்போட்ட கோமெசி அங்கியை விரித்து உட்கார்ந்தாள். நான் மண்டியிட்டு வணக்கம் சொல்லி, தேநீரும் வறுத்த நிலக்கடலையும் வைத்தேன். டிவியில் சீரியலின் புதிய பகுதி ஓடிக்கொண்டிருந்தது. யார் வந்தாலும் அம்மா அதை நிறுத்துவதில்லை.

"அண்ணி, இவ படிச்சவ, அவரும் படிச்சவர்," என்றாள் அத்தை. "பேசவே மாட்டாராம். இவளுக்கு ஏத்த ஆளு."

"ரெண்டு பேரும் பேசலேன்னா அந்த வீட்டுல யாருதான் பேசுறது? செவுரா?" என்றாள் அம்மா.

"சிரிக்காதீங்க அண்ணி. அவங்க என் பதிலுக்குக் காத்திருக்காங்க. ப்ராஸி, உன்னத்தான் கேக்குறேன்."

நான் தட்டிலிருந்த நிலக்கடலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வார்த்தைகள் தயாராகவே இருந்தன. இரண்டு மாதமாகத் தயாராக இருந்தன. அப்போது கதாநாயகி மாடிப்படியில் இறங்கத் தொடங்கினாள். கிபுயாகாவின் குரல் உற்சாகமாக உயர்ந்தது.

"வர்றா, வர்றா, நம்ம ராணி வர்றா! மக்களே, அந்த நடையப் பாருங்க. நாக்கிட்டோவோட தராசு மாதிரி ஒரு பக்கமாவே சாயுது!"

அம்மாவின் சிரிப்புக்காக நான் பழக்கத்தில் காத்திருந்தேன். அது வரவில்லை. அவள் டிவியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கால் உடைந்த நாளிலிருந்து இவ்வளவு நேரம் அவள் என்னைப் பார்த்ததில்லை.

"சோத்த யார் திங்கிறதுன்னு கேட்டதும் நான்தான்," என்றாள் மெதுவாக.

"என்ன அண்ணி?"

அம்மா எழுந்து பின்கட்டுக்குப் போகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். இரு கைகளையும் நாற்காலியில் ஊன்றினாள், கட்டுப்போட்ட கால் அசையவில்லை. எரிச்சலோடு ஒரு சத்தம் போட்டாள். பிறகு தோளில் கிடந்த துணியை உதறி, தலைக்கு மேல் இழுத்து, முகம் முழுவதையும் மூடிக்கொண்டு, டிவிக்கு முதுகு காட்டச் சுவர்ப்பக்கம் திரும்பினாள். இடுப்புக்கு மேல்தான் திரும்ப முடிந்தது. கால் முன்பிருந்தபடியே டிவியை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது.

அத்தை தேநீரைக் கீழே வைத்துவிட்டுத் தன் உடையைச் சரிசெய்தாள். வாசலை எட்டிப் பார்த்தாள். அங்கே யாருமில்லை.

"யாரு வந்திருக்கா? யாருக்கு அண்ணி மூஞ்சிய மூடிக்கிறீங்க?"

"இவளக் கேளு," என்றது துணி.

டிவியில் அவர் இப்போது கதாநாயகிக்காக அழுதுகொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சி, குரல் உடைந்து, யாருமே என்னைப் புரிந்துகொள்ளவில்லையே என்றார். கொஞ்சம் அதிகம்தான். வேறொரு நாளாக இருந்தால் அம்மா சும்மா விட்டிருக்கமாட்டாள். இப்போது வாய் இருக்கும் இடத்தில் துணி உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது.

நான் கையை உயர்த்தி டிவியைக் காட்டினேன்.

"இவருக்குத்தான் அத்தை. இவர் பேரு கலூலே. நான் கட்டிக்கப் போறது இவரத்தான்."