அந்த ‘நாங்கள்’

எனக்கு வாய் நீளம். தம்பி குருப்பட்டம் வாங்கிய அன்றே, வந்தவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால், “பட்டம் வாங்கினா கை என்ன தங்கமாயிடுமா? விசுவாசிக்கிற எல்லாருமே குருக்கள்தான்” என்று சொன்னவள் நான். அவனும் சளைத்தவன் இல்லை. நான் பிரசவ வார்டு நர்ஸ். “அப்ப உங்க ஆஸ்பத்திரில ஊசியையும் எல்லாருமே போடலாமாக்கா?” என்று திருப்பிக் கேட்டான்.

பதினோரு வருஷமாக இதே சண்டை. நான் அவன் சபையை விட்டு விலகி, அங்கியும் பீடமும் இல்லாத ஒரு கூடுகையில் சேர்ந்தேன். எங்களிடம் ஒருவர் மட்டும் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. சுற்றி நிற்கிற எல்லோருமாக, “நாங்கள் கொடுக்கிறோம்” என்போம். தம்பி தலையில் அடித்துக்கொள்வான். ஆபத்து நேரத்தில் யார் கொடுத்தாலும் சரி, பொறுப்பாக ஒருவர் “நான்” என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் செல்லாது; அது அவன் சபைச் சட்டம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவன் மனைவிக்கு ஆறாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. என் வார்டில்தான். அவன் ஆராதனையில் இருந்தான், போனை அணைத்து வைத்திருந்தான். ஆளனுப்பினோம். குழந்தை என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம்தான் பெரிது. டாக்டர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“அவர் வர்றவரைக்கும் தாங்காதுன்னா, ஞானஸ்நானத்த நீங்களே குடுத்துடுங்க அண்ணி,” என்றாள் தம்பி மனைவி.

ஊசி மருந்தைக் கரைக்கிற சுத்தத் தண்ணீர்க் குப்பியை உடைத்து, சிரிஞ்சில் இழுத்து, நெற்றியில் மூன்று சொட்டு விட்டேன். பழக்கதோஷம், வாயில் “நாங்கள்” என்றே வந்துவிட்டது. இருபது நிமிஷத்தில் மூச்சு அடங்கியது.

தம்பி அங்கியோடு ஓடி வந்தான். துணியோடு பிள்ளையை வாங்கிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தான். போன உயிருக்கு ஞானஸ்நானம் கிடையாது. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

“அண்ணி குடுத்தாங்க. செல்லும்தானே?” என்று அவள் கேட்டாள்.

அவன் என்னைப் பார்த்தான். “என்னன்னு சொன்னேக்கா?”

ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு பொய் சொல்ல மனம் வரவில்லை.

“நாங்கள்னுதான்டா வந்துச்சு.”

அவள் முகத்தில் ஈயாடவில்லை. என் பிடிவாதம் கடைசியில் இவள் பிள்ளை தலையிலா விடிய வேண்டும்?

தம்பி கட்டைவிரலால் அந்த நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தான். பிறகு கேட்டான்:

“அந்த நாங்கள்ல நானும் இருந்தேனாக்கா?”

எங்கள் கூடுகையில் “நாங்கள்” என்றால் அங்கி போடாத நாங்கள். எல்லோரும் குருக்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேனே, அந்த எல்லோரில் இவனை ஒரு நாளும் சேர்த்ததில்லை.

“இருந்தேடா,” என்றேன்.

“அப்பச் செல்லும்,” என்று மனைவியிடம் சொன்னான். “நானும் சேர்ந்துதான் குடுத்திருக்கேன்.” அவள் கை நீட்டிப் பிள்ளையை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டு, அப்போதுதான் அழுதாள்.

அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டால் எதற்கென்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தது செல்லாமல் போய்விடும். இன்றுவரை கேட்கவில்லை.