வாசல் சோதனை

தையல்காரர் போய் நின்றபோதே சிறைவாசலில் வரிசை மதிலைச் சுற்றி வளைந்திருந்தது. மகன் உள்ளே போன பிறகு அவர் இங்கே வருவது இதுதான் முதல் தடவை. தீர்ப்பு வந்த அன்று நீதிமன்றப் படிக்கட்டில், நாலு பேர் காதில் விழ, "எனக்குப் பிள்ளையே கிடையாது" என்று அவன் முகத்துக்கு நேரே கத்திவிட்டுப் போன மனிதர். நாளை அவனை எங்கோ தொலைதூரச் சிறைக்கு மாற்றுகிறார்கள் என்று தெரிந்ததும் மனசு கேட்கவில்லை. அவ்வளவு தூரம் போய்வர இனி அவர் உடம்பு தாங்காது. வாய்விட்ட அந்தச் சொல்லை இன்றே வாபஸ் வாங்கியாக வேண்டும்.

முன்னால் நின்ற பெண்ணின் புருஷன் உள்ளே இருந்தான். இந்த வாசல் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வரிசைக்கே அவள் அக்கா.

"புதுசா பெரியவரே? முகத்துலயே எழுதி ஒட்டியிருக்கு. போன், பெல்ட், சாவி எல்லாம் பெட்டியில போட்டுடுங்க. செருப்பை உதறிக் காட்டணும். வாயைத் திறக்கச் சொல்வாங்க, நாக்கைத் தூக்கச் சொல்வாங்க. கோபம் வரும், விழுங்கிடுங்க."

"அழுகை வந்தாம்மா?"

"அழுதுக்கலாம். அதுக்கு மட்டும் இன்னும் தடை போடல."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை.

"கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார வைப்பாங்க. தொட முடியாது, அங்கே மாட்டியிருக்கிற போன்லதான் பேசணும். முக்கியமானதை முதல்ல சொல்லிடுங்க. சாப்பிட்டியா, தூங்கினியான்னு ஆரம்பிச்சீங்க, மணி அடிச்சிடும்."

'மன்னிச்சிடுடா, நீ என் பிள்ளைதான்.' வரிசை நகர நகர அதையே முணுமுணுத்துக்கொண்டு போனார்.

பெட்டியில் போட வேண்டியதைப் போட்டார். செருப்பை உதறினார், நாக்கைத் தூக்கினார். காவலர் தோள்பட்டையைத் தடவிக்கொண்டே வந்தவர் வெடுக்கென்று கையை இழுத்தார். விரல் நுனியில் ரத்தம். காலரின் அடியிலிருந்து கறுப்பு நூல் கோத்த ஊசியை உருவினார்.

அது தையல்காரரின் ஊசிதான். வேலைக்கு நடுவே ஊசியைக் காலருக்கு அடியில் குத்திவைப்பது அவர் கையோடு ஊறிய பழக்கம். காலையில் கிளம்பும்போது பொத்தான் ஆடுகிறதே, பிள்ளையைப் பார்க்கப் போகிற சட்டையாயிற்றே என்று போட்டபடியே தைத்திருந்தார்.

"உள்ளே யாருக்கு இது?"

"நான் தையல்காரன் ஐயா. மறந்து தொலைச்சிட்டேன்."

"வீட்டுல ஒருத்தருமா பார்த்துச் சொல்லல?"

"சொல்றவன் உள்ளே இருக்கான் ஐயா. நான் எங்கே கிளம்பினாலும் காலரைத் தடவி ஊசியை எடுத்துட்டுத்தான் அனுப்புவான். சின்ன வயசுலேர்ந்து அவன்தான்."

காவலர் விரலை வாயில் வைத்துச் சப்பினார். கல்நெஞ்சுக்காரர் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தலைக்கு மேலே கேமரா இருந்தது.

"உங்களை இனி உள்ளே விட முடியாது. கெஞ்சாதீங்க, என் கையில இல்ல."

"நாளைக்கு அவன் போயிடுவான் ஐயா. வாசல்ல நின்னே ஒரு வார்த்தை..."

"முடியாது."

"நான் வந்தேன்னாவது சொல்லுங்க."

காவலர் குரலைத் தாழ்த்தினார். "நீங்க வந்தீங்கன்னு சொன்னா ஊசியையும் சேர்த்துச் சொல்லணும். உங்க பையனைத் தனியா அடைச்சு, ஊசியை எதுக்கு வரவழைச்சேன்னு குடைவாங்க. எப்படிக் குடைவாங்கன்னு கேட்காதீங்க. ஆளே வரலைன்னா கேமராவை யாரும் போட்டுப் பார்க்க மாட்டாங்க, அவனுக்கு ஒண்ணும் ஆகாது. அவனைக் கண்ணாடி முன்னாடி கொண்டுவந்து உட்கார வச்சாச்சு. என்ன சொல்ல?"

தையல்காரரின் கை தானாகக் காலரைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை.

"அப்பா வரலைன்னு சொல்லிடுங்க" என்றார்.