ஓரத்தில் ஒரு சிவப்புச் சமிக்கி

பெத்தியோன்வில் மேட்டில் இருந்த அந்தக் காட்சிக்கூடத்தின் வெள்ளைச் சுவர்களில் ஆனசியா சமிக்கி பதித்துத் தைத்த பன்னிரண்டு கொடிகள் தொங்கின. பதினொரு கொடிகளின் முன்னால் வந்தவர்கள் நின்றார்கள், தலையசைத்தார்கள், நகர்ந்தார்கள். பன்னிரண்டாவதன் முன்னால் வந்ததும் நகர மறந்தார்கள்.

அது கப்பல் கொடி. கடல் தெய்வமான அக்வேயின் கப்பல் பதினெட்டாயிரம் சமிக்கிகளில் நீலமும் வெள்ளையுமாக மின்னிக்கொண்டு அலைமேல் நின்றது. கப்பலில் ஒரு சமிக்கிகூட வரிசை தப்பவில்லை. ஆனால் கொடியின் ஓரத்தைச் சுற்றி ஒற்றை வரிசையாக ஓடிய சமிக்கிகள் வேறு விதமாக இருந்தன. ஒன்று கோணலாகக் கிடந்தது, ஒன்று துணியைச் சுருக்கிக்கொண்டு இறுகியிருந்தது, இன்னொன்று தளர்ந்த நூலில் ஆடிக்கொண்டிருந்தது. நிறங்களும் ஒன்றோடொன்று சேராதவை. கண்ணாடி அணிந்த பேராசிரியர் ஒருவர் அந்த ஓரத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, நடுவில் இத்தனை கட்டுப்பாடும் விளிம்பில் இத்தனை விடுதலையும் வைப்பதற்குப் பெரிய துணிச்சல் வேண்டும் என்று ஆனசியாவின் கையைப் பிடித்துப் பாராட்டினார். அவள் தலை குனிந்தாள். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்ட கூட்டம் இன்னும் மகிழ்ந்தது.

அந்த ஓரத்தை அவள் தைக்கவில்லை.

மரியானிக் கடற்கரைக் கோயிலுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கடல் திருவிழாவுக்குப் புதுக் கொடி தைக்கும்போது, துணியைச் சட்டத்தில் கட்டிய முதல் நாளிலேயே கோயிலைச் சேர்ந்த ஒவ்வொருவரும் வந்து ஓரத்தில் ஒரு சமிக்கி தைப்பார்கள். தைக்கும்போது கடல் கொண்டுபோன ஒருவருடைய பெயரை வாய்க்குள் சொல்லிக்கொள்வார்கள். மீன் பிடிக்கும் கைக்கு ஊசி பிடிக்கத் தெரியாது. ஆகையால் ஓரம் எப்போதும் கோணலாகவே இருக்கும். அதை யாரும் திருத்துவதில்லை. கோயில் கொடியில் தைத்தவரின் பெயரைப் போடுவதும் இல்லை. இந்த ஆண்டு நாற்பத்துமூன்று பேர் பெல்-ஏர் மேட்டில் இருந்த ஆனசியாவின் பட்டறைக்கு ஏறிவந்து தைத்துவிட்டுப் போனார்கள்.

நாற்பத்துமூன்றில் ஒன்று மிமோஸுடையது. அவள் ஆனசியாவின் பட்டறையிலேயே ஒன்பது ஆண்டுகளாகத் தைக்கிறவள். நான்கு பெண்களில் கை வேகமும் வாய் வேகமும் அவளுக்குத்தான் அதிகம். அவள் கணவன் ஃபானேல் நான்கு ஆண்டுகளுக்கு முன் சிவப்பு மூக்கு வைத்த படகில் போனவன், திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. மிமோஸ் இடது மேல்மூலையிலிருந்து மூன்றாவதாக ஒரு சிவப்புச் சமிக்கியை வைத்தாள். ஒரு நாளைக்கு ஆயிரம் சமிக்கி பதிக்கிற கை அன்றைக்கு நடுங்கியதால், அந்த ஒன்று மட்டும் சாய்ந்துபோனது.

"என் பொழப்பப் பாருங்கக்கா. ஊருக்கெல்லாம் நேரா தைக்கிறேன், கட்டினவனுக்குக் கோணலாப் போச்சு," என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் எழுந்து வெளியே போனாள்.

தவறு ஒரு மழையில் தொடங்கியது. கண்காட்சிக்கு ஐந்து நாள் இருக்கையில், சேமிப்பு அலமாரிக்கு மேல் தகரம் ஒழுகி, பன்னிரண்டாவதாக வைக்க இருந்த வேறொரு கொடி நனைந்துவிட்டது. மலிவான சமிக்கி, சிவப்பு கரைந்து வெள்ளைக்குள் இறங்கியது. பன்னிரண்டு என்று அழைப்பிதழில் அச்சாகிவிட்டது. ஆனசியாவுக்கு இருபத்தைந்து ஆண்டு உழைப்பில் கிடைத்த முதல் தனிக் கண்காட்சி அது. வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்த கோயில் கொடிகள் இரண்டில் கப்பலை மட்டும் அவள் எடுத்தாள். திருவிழாவுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, சுவரில் தொங்கினால் கொடிக்கு என்ன குறைந்துவிடப் போகிறது, விற்பனைக்கு இல்லை என்று சொல்லி நடுவிலேயே வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். பெயரில்லாத கொடி மற்றவற்றின் நடுவே தனித்துத் தெரியுமே என்று, கீழ் வலது மூலையில் தன் பெயரையும் கறுப்பு மணிகளால் தைத்தாள்.

திறப்பு விழாவில் காட்சிக்கூடத்தின் உரிமையாளர் மதாம் விலார், எதையெல்லாம் விற்கலாம் என்று கேட்டுக்கொண்டு பட்டியலோடு வந்து நின்றார். ஆனசியாவைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். பேராசிரியர் அப்போதுதான் பேசி முடித்திருந்தார். ஆனசியா வாய் திறந்தாள். எல்லாவற்றையும் என்றுதான் வந்தது. அரைமணி நேரத்தில் கப்பலின் பெயர் அட்டையில், விற்றாயிற்று என்பதற்கான சிவப்புப் புள்ளி ஒட்டப்பட்டுவிட்டது. வாங்கியவர் மயாமிக்காரர், கண்காட்சி முடியும் சனிக்கிழமை நேரில் வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு.

மறுநாள் முதல் பட்டறையில் கண்வலி என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே இன்னொரு சட்டத்தைக் கட்டி, திருவிழாவுக்குக் கொடுக்க இன்னொரு கப்பலைத் தைத்தாள். கப்பல் அவளே வரைந்த கோடு. அது எளிதாக வந்தது. ஓரம்தான் அவளை வாட்டி எடுத்தது. காட்சிக்கூடத்தார் எடுத்த புகைப்படத்தைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்து, நாற்பத்துமூன்று பேரின் கோணலையும் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தைத்தாள். நேராகப் பழகிய விரல் கோணலுக்கு மறுத்தது. மூன்றாவதாக இருந்த சிவப்பை நான்கு முறை பிரித்து, ஐந்தாம் முறையில்தான் மிமோஸின் நடுக்கத்தைக் கொண்டுவந்தாள்.

கதவுக்கு வெளியிலிருந்து மிமோஸ் அவ்வப்போது பேச்சுக் கொடுப்பாள்.

"அக்கா, கண்ணுக்கு இலச்சாறு பிழிஞ்சு கொண்டாரவா? இல்ல, பெரிய மனுசி ஆனதுல எங்க மூஞ்சியப் பாக்கத்தான் கண்ணு வலிக்குதா?"

மற்ற பெண்கள் சிரிப்பது கேட்கும். ஆனசியா ஊசியைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.

ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை திருவிழா வந்தது. காலை வெயிலில் சங்கு ஊதினார்கள். நீலமும் வெள்ளையும் பூசிய தெப்பத்தில் கேக்கும் தர்ப்பூசணியும் வறுத்த வாழைக்காயும் மதுப் புட்டிகளும் அடுக்கப்பட்டன. கொடிகள் எப்போதும் இரண்டாகத்தான் புறப்படும். கடற்கன்னிக் கொடியை ஒரு மீனவர் மகள் பிடித்தாள். கப்பல் கொடியைப் பிடிக்கும் பேறு இந்த ஆண்டு மிமோஸுக்கு வாய்த்திருந்தது. அதற்காக அவள் புது வெள்ளைப் பாவாடை தைத்திருந்தாள்.

பறை முழங்க, பூசாரியம்மா தியுலா தண்ணீர் தெளித்தாள். ஒவ்வொருவராக வந்து ஓரத்தில் தங்கள் சமிக்கியைத் தேடி முத்தமிட்டார்கள். எல்லோருக்கும் கிடைத்தது. ஒரு கிழவர் தம்முடையதைக் கண்டுபிடித்து, பார்த்தாயா எவ்வளவு கேவலமாகத் தைத்திருக்கிறேன் என்று பக்கத்து ஆளிடம் பெருமையாகக் காட்டினார். கடைசியாக மிமோஸ் கம்பைச் சாய்த்து, இடது மேல்மூலையை முகத்தருகே கொண்டுவந்தாள். மூன்றாவதைத் தொட்டாள். கண்ணை மூடி அதில் உதட்டை வைத்தாள். வெகுநேரம் அதிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.

ஆனசியா நான்கு அடி தூரத்தில் நின்றிருந்தாள். அந்தச் சமிக்கி பிடிபட்டிருந்தால்கூட அவளால் தாங்க முடிந்திருக்கும். பிடிபடாமல் போனதைத்தான் தாங்க முடியவில்லை. தெப்பத்தை ஆழத்தில் விட்டுவிட்டுப் படகுகள் திரும்பியபோது, மிமோஸ் நனைந்த பாவாடையோடு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"நாலு வருசத்துல இன்னிக்குத்தான்க்கா மனசு ஆறிச்சு."



வெள்ளிக்கிழமை காலையிலேயே டாப்-டாப் என்னும் வாடகை வண்டி பிடித்துக் காட்சிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். கப்பல் தனக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டாள். மதாம் விலார் முதலில் விளையாட்டு என்று நினைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வித்து நாலு வாரம் தாண்டியாச்சு, ஆனசியா. நாளைக்கு அவர் வந்து நிக்கப்போறார். அந்த ஓரத்தப் பாத்துத்தானே அவர் வாங்கினதே."

"அந்த ஓரம் நான் தைக்கலீங்க மதாம்."

"அப்ப கீழ எதுக்கு உங்க பேரு?"

ஆனசியா பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து, கொடியைச் சுவரிலிருந்து இறக்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்து தன் பெயரைப் பிரிக்கத் தொடங்கினாள். கறுப்பு மணிகள் பளிங்குத் தரையில் உருண்டன. கொடியை எடுத்துப் போங்கள், ஆனால் இனிமேல் இந்தச் சுவரில் உங்களுக்கு இடமில்லை என்று மதாம் தணிந்த குரலில், மிகுந்த மரியாதையோடுதான் சொன்னார். ஆனசியா அதற்கும் தலையசைத்தாள். பெயர் போன இடத்தில் ஊசித் துளைகள் மட்டும் மிஞ்சின.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முற்றத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஆனசியா தியுலாவைத் தனியே அழைத்துச் சொல்லத் தொடங்கினாள். பூசாரியம்மா பாதியில் கையை உயர்த்தினாள்.

"எங்கிட்டச் சொல்லி எறக்கி வைக்காத. முத்தம் வச்சவங்க அங்க உக்காந்திருக்காங்க. அவங்ககிட்டச் சொல்லு."

சொன்னாள். மழை ஒழுகியதிலிருந்து மணிகளைப் பிரித்தது வரை, நின்றபடியே எதையும் மறைக்காமல் சொன்னாள். உண்மையான கொடியை விரித்ததும் நாற்பத்துமூன்று பேரும் இரண்டு கொடிகளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். தம் தையலைக் காட்டிப் பெருமை பேசிய கிழவர் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

மிமோஸ் மட்டும் அருகே வந்தாள். உண்மைக் கொடியின் சிவப்பைத் தொட்டாள், பொய்க் கொடியின் சிவப்பைத் தொட்டாள். உண்மைக் கொடியின் கீழ் மூலையில் இருந்த ஊசித் துளைகளிலும் அவள் விரல் ஊர்ந்தது.

"இதத் தைக்கும்போது யார் பேரச் சொன்னீங்க?" என்று பொய்க் கொடியின் சிவப்பைக் காட்டிக் கேட்டாள்.

ஃபானேலின் பெயரைத்தான் என்று சொல்லிவிடலாம். அவளுக்கு ஆறுதலாக இருக்கும்; யாரும் மறுக்கவும் முடியாது. அந்தப் பொய் நாக்கின் நுனிவரை வந்து நின்றது.

"யார் பேரும் சொல்லல மிமோஸ். நாலு தடவ பிரிச்சேன். எந்தப் பக்கம் சாயுது, எவ்வளவு சாயுதுன்னு பாத்துக்கிட்டிருந்தேன். அவ்வளவுதான்."

மிமோஸ் மெல்லத் தலையாட்டினாள். இடுப்பிலிருந்த கத்தரியை எடுத்துப் பொய்க் கொடியின் சிவப்புச் சமிக்கியை வெட்டி, ஆனசியாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். 

அடுத்த திருவிழாவில் மறுபடி முத்தமிட்டுக்கொள்ளலாம் என்று யாரோ மிமோஸைத் தேற்றினார்கள். நான்கு வருடம் போயிற்று, இன்னும் ஒரு வருடம் போகாதா என்று அவள் திரும்பிக் கேட்டது ஆனசியாவின் காதில் விழுந்தது.

திங்கட்கிழமை மிமோஸ் வரமாட்டாள் என்றே ஆனசியா எண்ணியிருந்தாள். அவளுக்கு என்ன சொல்வது, எந்த முகத்தோடு அவள் வீட்டுப் படியேறுவது என்று இரவெல்லாம் யோசித்திருந்தாள். ஆனால் எட்டு மணிக்கு மிமோஸ் வந்தாள். செருப்பை வாசலில் விட்டாள். வழக்கமான முக்காலியில், வழக்கம்போல ஆனசியாவுக்கு இடப்பக்கத்தில் அமர்ந்து ஊசியில் நூல் கோத்தாள். மற்ற மூவரும் தலை தூக்காமல் தைத்துக்கொண்டிருந்தார்கள். கை வேகமாக ஓடியது, வாய் ஓடவில்லை.

பதினொரு மணியளவில் மிமோஸ் நிமிர்ந்து ஆனசியாவைப் பார்த்தாள். கோபம் ஏதும் தெரியாத, தெளிவான குரலில் சொன்னாள்.

"மதாம், நீல நூல் தீந்துபோச்சு."

ஆனசியா எழுந்து நூல் எடுக்கப் போனாள்.